சிறையில் துணி துவைக்கப்படுகிறது, போர்வை?

கேள்வி இதுதான்: சிறையில் இருப்பவர்களின் உடைகளும் படுக்கை விரிப்புகளும் எப்படித் துவைக்கப்படுகின்றன? அதற்கென்று சலவைக்கூடமும் இயந்திரமும் இருக்கின்றனவா, இல்லை அவரவரே துவைத்துக்கொள்ள வேண்டுமா?

நம் ஊர்ச் சிறைகளில் பெரும்பாலும் அவரவர் துணியை அவரவரே, கையால், தொட்டியடியில் துவைத்துக்கொள்கிறார்கள். இயந்திரச் சலவை என்பது விதிவிலக்கு. உடுத்தும் துணி எப்படியோ துவைக்கப்பட்டுவிடுகிறது, அதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. துவைக்கப்படாமல் கிடப்பது போர்வையும் விரிப்பும்தான். சிறை மருத்துவ முகாம்களுக்குப் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உள்ளே சொறி, சிரங்கு ஏன் ஓயாமல் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டால் கையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் படுக்கையையும் பார்க்க வேண்டும். அதனால் துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போர்வைக்கு வருகிறேன்.

உள்ளே யார் எந்தத் துணியைப் போட்டிருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான மாநிலங்களில் இன்றும் அடிப்படையாக இருப்பது 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம். அதன் 31ஆம் பிரிவின்படி விசாரணைக் கைதி தன் உணவு, உடை, படுக்கையை வெளியிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம், வாங்கிக்கொள்ளலாம். அப்படி வசதி இல்லாதவருக்குத் தேவையான உடையும் படுக்கையும் கண்காணிப்பாளர் கொடுக்க வேண்டும் என்கிறது 33ஆம் பிரிவு. தண்டனைக் கைதிக்குச் சிறையே சீருடை தரும். தமிழ்நாட்டில் அது வெள்ளை. அவர் உள்ளே வரும்போது போட்டிருந்த சொந்தத் துணி சுத்தம் செய்யப்பட்டு, மூட்டையாகக் கட்டி, பெயரெழுதி, விடுதலை நாள்வரை வைக்கப்பட வேண்டும் என்பது பழைய சிறை விதிகளிலிருந்தே வரும் நடைமுறை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் சொந்தத் துணியில் இருக்கிறார்கள். அந்தத் துணி கிழிந்தால், தொலைந்தால், மாற்று வேண்டுமென்றால் மனு போட்டுப் பார்க்க வரும் வீட்டார்தான் கொண்டுவர வேண்டும். வீட்டார் வராதவர் ஒரே ஜோடியைத் துவைத்து, அது காயும்வரை துண்டோடு உட்கார்ந்திருப்பார். வெளிமாநிலத் தொழிலாளிகள், வீடற்றவர்கள், குடும்பம் கைவிட்டவர்கள் என்று இந்த நிலையில் இருப்பவர்கள் எல்லாச் சிறையிலும் உண்டு. 33ஆம் பிரிவு அவர்களுக்காகத்தான் எழுதப்பட்டது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

துவைப்பது காலையில் நடக்கும். விடிந்ததும் அடைப்பு திறந்து, எண்ணிக்கை முடிந்து, குளியலும் துவையலும் தொட்டியைச் சுற்றி ஒன்றாகவே நடக்கும். மத்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேடு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்று அளவு சொல்கிறது. அந்த அளவு கிடைத்தால் ஒருவர் குளித்து, தன் சட்டையையும் கைலியையும் அலசிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. ஆனால் தொட்டியில் தண்ணீர் விடும் நேரம் குறைவு, தொட்டியடியில் நிற்கும் ஆட்கள் அதிகம். தாட்டியமான ஆள் முதலில் நிற்பார், புதிதாக வந்தவர் கடைசியில் நிற்பார். சோப்பு இன்னொரு விஷயம். கேன்டீனில் வாங்கக் கணக்கில் பணம் இருக்க வேண்டும். பணமில்லாதவர் பணமுள்ளவரின் துணியைத் துவைத்துக் கொடுத்துச் சோப்பும் பீடியும் வாங்கிக்கொள்வது எங்கும் நடக்கிறது. ஒரு விசாரணைக் கைதியின் உடையையோ படுக்கையையோ இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது, விற்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு தடுக்கிறது. 1894இலேயே இதை எழுத வேண்டியிருந்தது என்றால், அப்போதே அது நடந்துகொண்டிருந்தது என்றுதான் அர்த்தம்.

காயப்போடுவது துவைப்பதைவிடக் கஷ்டம். கொடி கட்டக் கயிறு வேண்டும், கயிறு சிறைக்குள் ஆகாத பொருள். தற்கொலைக்கும் சுவர் ஏறுவதற்கும் அது உதவும் என்பதால் நாடா, பெல்ட் வரை பறித்துக்கொள்வார்கள். அதனால் துணி ஜன்னல் கம்பியிலும் கைப்பிடிச் சுவரிலும் புல்தரையிலும் காய்கிறது. காயும் துணிக்குப் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் காணாமல் போகும். சாயங்கால அடைப்புக்கு முன் எல்லாம் உள்ளே போய்விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்துணி அறைக்குள்ளேயே, நாற்பது பேர் மூச்சு விடும் இடத்தில், இரவு முழுக்கத் தொங்கும். இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வரும் படர்தாமரைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

சரி, போர்வைக்கு வருவோம்.

ஒரு தடித்த போர்வையை ஊறவைத்து, மிதித்து, அலச நான்கைந்து வாளித் தண்ணீராவது வேண்டும். நாற்பது பேர் இருக்கும் ஒரு பிளாக்கில் எல்லாரும் ஒரே நாளில் துவைத்தால் இருநூறு வாளி. அன்றைக்கு வேறு எதற்கும் தண்ணீர் இருக்காது. நனைந்த போர்வையைத் தனி ஆளாகப் பிழிய முடியாது. நல்ல வெயிலிலும் முழுதாகக் காய ஒரு பகல் போதாமல் போகலாம். அப்புறம், இதுதான் முக்கியம்: ஒருவருக்கு இருப்பது ஒரு போர்வை. அதை நனைத்துவிட்டால் அன்றிரவு வெறும் தரை. மாற்றுப் போர்வை இல்லாத இடத்தில் யாரும் போர்வையைத் துவைக்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மாதக்கணக்கில் வியர்வையும் தூசியும் ஏறிய அதே போர்வை, ஒருவர் விடுதலையானதும் துவைக்காமலே அடுத்தவர் கைக்குப் போகும்போதுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது.

சிரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு உண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது. முக்கியமாகத் தோலோடு தோல் உரசித்தான் பரவும். ஆனால் தோள் இடிக்க நெருக்கிப் படுக்கும் இடத்தில், விரிப்பு கை மாறும் இடத்தில், துணி வழியாகவும் வரும். முதன்முறையாகத் தொற்றுகிறவருக்கு அரிப்பு தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஆகவே ஒருவர் சொறியத் தொடங்கும்போது அவர் பக்கத்தில் படுத்தவர்களுக்கு ஏற்கெனவே போயிருக்கும். சிறை மருத்துவர் பெர்மெத்ரின் களிம்போ ஐவர்மெக்டின் மாத்திரையோ கொடுப்பார், நல்ல மருந்துகள்தான். ஆனால் சொறிகிற ஒருவருக்கு மட்டும் கொடுத்து, அதே போர்வைக்குள் அவரை அனுப்பினால் இரண்டு வாரத்தில் மறுபடி வரிசையில் நிற்பார். பிளாக் முழுவதுக்கும் ஒரே நாளில் மருந்து, அதே நாளில் எல்லாருடைய துணியும் படுக்கையும் மாற்றம். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கட்டுப்படும்.

இதற்கு வெந்நீரும் இயந்திரமும் கட்டாயம் என்று நினைத்துப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. சிரங்கு உண்ணி மனித உடம்பை விட்டால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. போர்வையைப் பெரிய பாலித்தீன் பையில் போட்டு, இறுகக் கட்டி, ஒரு வாரம் மூலையில் வைத்தாலே போதும். தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். வேண்டியது அந்த ஒரு வாரத்துக்கு மாற்றுப் போர்வை, அவ்வளவுதான். உடம்புப்பேன் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், முட்டை பொரிந்து சாகும்வரை இரண்டு வாரம். மூட்டைப்பூச்சிக்கு இந்த வழி உதவாது. அது சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும், படுக்கையைவிடச் சுவர் வெடிப்பில்தான் அதிகம் இருக்கும். அதற்குச் சூடுதான், 50 டிகிரிக்கு மேல். கிருமி சாக மருத்துவமனைத் துணிக்கு இங்கிலாந்தில் வைத்திருக்கும் அளவு 65 டிகிரியில் பத்து நிமிடம் அல்லது 71 டிகிரியில் மூன்று நிமிடம். அமெரிக்காவில் 71 டிகிரியில் 25 நிமிடம். தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசுவதால் அழுக்கும் வியர்வையும் போகும், அதுவும் வேண்டியதுதான், ஆனால் உள்ளே இருக்கும் பூச்சி சாகும் என்று நம்பக்கூடாது.

துணியைச் சூடு காட்ட வேண்டும் என்று நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உவர்மண்ணில் தோய்த்த துணியை அடுக்கி, அடியில் தீ மூட்டி, ஆவியில் வேகவைக்கும் வெள்ளாவி அதைத்தான் செய்தது. துணி வெளுத்தது, கூடவே அதில் இருந்த பேனும் ஈறும் செத்தன. பெரிய அண்டாவும் அடுப்பும் இல்லாத சிறைச் சமையலறை கிடையாது. ஒரு அண்டாவைச் சலவைக்கென்று தனியாக ஒதுக்கினால், ஒரு பிளாக்கின் விரிப்புகளைச் சுழற்சியில் கொதிக்கவைத்துவிடலாம். முறையாகக் கேட்டால் ஒதுக்கும் அதிகாரிகளும் இருக்கிறார்கள்.

சிறைத் துணியின் அழுக்கு சிறைக்குள்ளேயே நின்றுவிடும் என்று நினைப்பவர்களுக்கு இங்கிலாந்தின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். அங்கே பல நூற்றாண்டுகள் சிறைக்காய்ச்சல் என்று ஒன்று இருந்தது, இன்று அதை டைபஸ் என்கிறோம். 1577இல் ஆக்ஸ்போர்டில் கைதிகளை விசாரித்த நீதிமன்றத்திலிருந்தே அது பரவி, நீதிபதி, ஷெரிப் (மாவட்ட அதிகாரி) உட்பட முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. 1750இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் மறுபடி நடந்தது. அந்நகர மேயரும் இரண்டு நீதிபதிகளும் இறந்தவர்களில் சேர்ந்தார்கள். கூண்டில் நிறுத்தப்பட்ட கைதிகளோடுதான் அந்த நோய் நீதிமன்றத்துக்குள் வந்தது.

1773இல் பெட்போர்டுஷயர் ஷெரிப் ஆன ஜான் ஹோவார்டு, ஊர் ஊராகப் போய்ச் சிறைகளைப் பார்த்தார். 1774இல் வந்த சட்டம் ஆண்டுக்கு ஒருமுறையாவது சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் குளிக்கத் தொட்டி வைக்கவும் சொன்னது. ஹோவார்டு இன்னொன்றும் கேட்டார்: குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு சூளை அடுப்பு. மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்தால் துணியிலும் படுக்கையிலும் இருக்கும் பூச்சிகள் ஒழிந்துவிடும் என்று எழுதினார். அந்தக் காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் சூடு வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

விடை கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆனது. வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகர மருத்துவமனையில் டைபஸ் நோயாளிகளைக் கவனித்துவந்த பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் நிக்கோல் ஒரு வித்தியாசத்தைக் கண்டார். வாசலில் நோயாளியைத் தொட்டவர்களுக்கும் நோயாளியின் துணியை வாங்கித் துவைத்தவர்களுக்கும் நோய் வந்தது. குளிக்கவைத்து மருத்துவமனை உடை மாட்டிய பிறகு அதே நோயாளி வார்டில் யாருக்கும் நோயைத் தரவில்லை. அப்படியானால் நோய் வாசலில் கழற்றிப்போட்ட துணியில்தான் இருந்திருக்க வேண்டும். 1909இல் உடம்புப்பேன்தான் காரணம் என்று நிறுவினார், 1928இல் நோபல் பரிசு பெற்றார். உடம்புப்பேன் தலைப்பேன் போல முடியில் இருப்பதில்லை. சட்டைத் தையலிலும் மடிப்பிலும் இருந்து, சாப்பிட மட்டும் உடம்புக்கு வரும். துணியைச் சூடுகாட்டித் துவைத்தாலே அதன் வீடு போய்விடும்.

இதற்கு நேரெதிரான ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். காசநோய் உள்ளவரின் போர்வையைத் தொட மறுப்பதும் எரித்துவிடுவதும் பல சிறைகளில் நடக்கும். காசநோய் காற்றில் பரவுவது, போர்வை வழியாகப் பரவுவதில்லை. எச்.ஐ.வி.யும் அப்படித்தான், படுக்கையாலோ துவைத்த துணியாலோ வராது. ரத்தமோ மலமோ பட்ட துணியை மட்டும் கையுறை போட்டுத் தனியாக எடுத்து, தனியாகத் துவைக்க வேண்டும். மற்றபடி அந்த நோயாளியின் துணியைத் தனியாக ஒதுக்குவது அவரை அவமானப்படுத்துவதைத் தவிர எதற்கும் பயன்படாது.

வெளிநாட்டுச் சிறைகளைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். இங்கிலாந்தில் சிறை கொடுத்த விரிப்பும் உடையும் வாராவாரம் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுக்கப்படும். அழுக்கைக் கொடுத்தால் வெளுத்தது கிடைக்கும். சொந்த உடை வைத்திருப்பவர்கள் அதை வலைப்பையில் போட்டு, தங்கள் பகுதியின் சலவை அறையில் வேலை பார்க்கும் சக கைதியிடம் தருவார்கள். அமெரிக்காவிலும் பெரும்பாலும் வலைப்பைதான். பையோடு இயந்திரத்துக்குள் போய், பையோடு காய்ந்து வரும். கேட்கச் சிறப்பாக இருக்கிறது. ஆனால் பையை இறுக்கித் திணித்தால் நடுவில் இருக்கும் துணிக்குத் தண்ணீரே போகாது. பொதுச் சலவையில் யாரோ போட்ட உள்ளாடை நமக்கு வரும், நம்முடையது காணாமல் போகும். அதனால் இயந்திரம் இருந்தும் அங்கே ஆட்கள் கைகழுவும் தொட்டியிலேயே தங்கள் உள்ளாடையைத் துவைத்து அறைக்குள் காயப்போடுகிறார்கள். 2001 முதல் 2003 வரை ஜார்ஜியா, கலிபோர்னியா, டெக்சாஸ் மாநிலச் சிறைகளில் மருந்துக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தோல் தொற்று பரவியபோது, கட்டுப்படுத்தக் கவனிக்க வேண்டியவற்றில் சலவையும் ஒன்றாக வந்தது. அங்கே விரிப்பு ஒழுங்காக வெளுக்கப்படுகிறது, உடுத்தும் துணியில்தான் நம்பிக்கை இல்லை. இங்கே உடுத்தும் துணி நம் கைவசம் இருக்கிறது, விரிப்பைக் கவனிக்க ஆள் இல்லை. இரண்டிலிருந்தும் நல்லதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து: உடையை அவரவரே துவைக்கட்டும், போர்வையையும் விரிப்பையும் சிறை நிர்வாகம் ஏற்க வேண்டும்.

ஏற்றால் அந்த வேலையை யார் செய்வது? தண்டனைக் கைதிகளுக்கு ஒதுக்கும் வேலைகளில் ஒன்றாக, கூலியோடு. இதில் ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் துணி வெளுப்பதைச் சில சாதிகளின் தலையில் கட்டிய வரலாறு உண்டு, சிறைக் கையேடுகளிலும் சமையல், துப்புரவு போன்ற வேலைகளைச் சாதி பார்த்துப் பிரித்த விதிகள் அண்மைக்காலம்வரை இருந்தன. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட விதிகளை அரசமைப்புக்கு முரணானவை என்று நீக்கியது. கைதிகளின் பதிவேட்டில் சாதிக்கென்று இருக்கும் பத்தியையே எடுத்துவிடச் சொன்னது, மூன்று மாதத்துக்குள் கையேடுகளைத் திருத்தவும் உத்தரவிட்டது. சலவைக்கு ஆள் எடுக்கும்போது இந்தத் தீர்ப்பு நினைவில் இருக்க வேண்டும்.

பெண்கள் சிறையில் இந்தப் பிரச்சினை இரட்டிப்பாகிறது. மாதவிடாய்த் துணியையும் உள்ளாடையையும் மற்றவர் கண்ணில் படாமல் நிழலில் ஒளித்துக் காயவைப்பதால் அவை முழுதாகக் காய்வதே இல்லை. ஆறு வயதுவரை பிள்ளைகள் தாயோடு இருக்கலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் சொல்கின்றன. கைக்குழந்தையின் துணியை நாளைக்குப் பத்து முறை அலச வேண்டியிருக்கும். பெண்கள் பிளாக்குக்கு, மறைப்பு கட்டிய, ஆனால் வெயில் விழும் ஒரு காயப்போடும் இடமும் கூடுதல் தண்ணீரும் முதல் தேவை.

வீட்டார் யாராவது இதைப் படித்தால் ஒரு யோசனை. பாசத்தில் பெரிய தடிப் போர்வையாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மெல்லிய பருத்திப் போர்வை இரண்டு கொடுங்கள். ஒன்றைத் துவைத்தால் மற்றொன்றைப் போர்த்திக்கொள்ளலாம், அரைநாள் வெயிலில் காயும், தனி ஆளாகப் பிழியலாம். நாடா வைத்த உடைகளும் காவலர் சீருடை போலத் தெரியும் நிறங்களும் வாசலிலேயே திரும்பி வரும். எது அனுமதி என்று முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். உள்ளே இருப்பவர் அரிக்கிறது என்று சொன்னால் களிம்பு மட்டும் கேட்காமல், அன்றைக்கே துணி, போர்வை மாற்றித் தரும்படியும் கேட்கச் சொல்லுங்கள்.

கேட்டுப் பலன் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு தரும் உரிமை. கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளாக ஐ.நா. பொதுச் சபை 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளையும் மனுவில் குறிப்பிடலாம்: 19ஆம் விதி உடையைப் பற்றியது. 21ஆம் விதி ஒவ்வொருவருக்கும் தனிப் படுக்கை, கொடுக்கும்போதே சுத்தமாக இருக்க வேண்டும், சுத்தம் கெடாதபடி அடிக்கடி மாற்ற வேண்டும் என்கிறது. 35ஆம் விதி உடை, படுக்கையின் சுத்தத்தை மருத்துவரோ சுகாதார அமைப்போ பார்த்துச் சிறை நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பதாக இருந்தால் பொதுவாகக் கேட்காதீர்கள், பூசி மெழுகிய பதில்தான் வரும். இந்தச் சிறையில் இன்று இருப்பவர்கள் எத்தனை பேர், கையிருப்பில் உள்ள போர்வைகள் எத்தனை, கடைசியாகப் புதுப் போர்வை வாங்கிய தேதி எது, கடைசியாக எல்லாப் போர்வைகளும் துவைக்கப்பட்ட தேதி எது என்று எண்ணும் தேதியுமாகக் கேளுங்கள்.